கைக்கு வந்த பறவை

“எனக்குப் பயம் போகணுங்கம்மா” என்றார் பொன்னுரங்கம்.

படகிலிருந்து இறங்கி, முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

நீலாயி அம்மா தரையில் குந்தியிருந்தார். உள்ளங்கையில் தேங்காய்த் துருவல். கையைத் தரையோடு தரையாக நீட்டி வைத்திருந்தார்.

புதருக்குள்ளிருந்து ஒரு பறவை நடந்து வந்தது. கோழி அளவு இருக்கும். காய்ந்த இலையின் நிறம். முகம் மட்டும் சிவப்பு. உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால்கள்.

அது நேராக வந்து அம்மாவின் கையில் கொத்தித் தின்றது.

பொன்னுரங்கம் ஓர் அடி முன்னால் வைத்தார். பறவை விலகவில்லை. அவர் கால் பெருவிரலில் ஒட்டியிருந்த பாசியையும் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தது.

“இதுக்கு எப்படிங்கம்மா பயமே இல்லாமப் போச்சு?”

“அதையே கேளுங்க ஐயா” என்று சொல்லிவிட்டு, அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு சுனைப் பக்கம் போனார்.

*

பொன்னுரங்கம் சங்ககிரிக்காரர். ஆயுசில் பாதியை லாரியில் கழித்தவர்.

ஒருநாள் மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் வண்டி சுவரை இடித்துக்கொண்டு நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிளீனருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவர் கை நடுக்கம்.

காபி டம்ளரைப் பிடித்தால் பாதி வேட்டியில் கொட்டும். பஸ்ஸில் வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கும்போதே கட்டில் ஒரு பக்கமாகச் சரிவதுபோல் இருந்தது. மாத்திரை சாப்பிட்டார். மந்திரித்துக் கயிறு கட்டினார். ஒன்றுக்கும் கேட்கவில்லை.

கடலுக்கு நடுவில் ஒரு தீவு, அதில் ஓர் அம்மா, காட்டுப் பறவைகள் பயமில்லாமல் அவர் கைக்கு வருகின்றன என்று யாரோ சொன்னார்கள். கிளம்பிவிட்டார்.

அம்மா என்றதும் நரைத்த தலையை எதிர்பார்த்து வந்தார். இவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். பொன்னுரங்கத்தின் மூத்த மகளைவிட இளையவர்.

தீவில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. அது தானாக எரிந்து தானாக அணையும்படி செய்துவிட்டதால் காவலுக்கு ஆள் கிடையாது. காலியான குடியிருப்பில் அம்மா தங்கியிருந்தார். படகுக்காரர் சூசை அவ்வப்போது அரிசியும் சாமானும் கொண்டுவருவார். கூடவே அம்மாவைப் பார்க்க நாலைந்து பேர் வருவார்கள். மாலையில் திரும்பிவிடுவார்கள்.

பொன்னுரங்கம் திரும்பவில்லை.

*

கேட்கச் சொன்னாரே என்று பறவைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சூசை அவற்றை மேட்டுக்கோழி என்றார். மேட்டையும் காட்டினார். கடற்கரைக் காட்டுக்குள், மண்ணும் மணலும் சருகுமாகக் குவித்த ஒரு குவியல். ஆள் ஏறி நின்றால் தலை கிளையில் இடிக்கும்.

“இதையா அந்தக் கோழி கட்டிச்சு?”

“காலாலேயே வாரி வாரிப் போட்டது. ஜோடியா வேலை செய்யும். முட்டையை இதுக்குள்ள புதைச்சிடும்.”

“அடை காக்காதுங்களா?”

“சருகு மக்குற சூட்டுலயே பொரிஞ்சிடும்.”

“அப்புறம் குஞ்சு?”

“தானா தோண்டிக்கிட்டு வெளிய வரும். தானா ஓடும். அன்னிக்கே பறக்கவும் செய்யும். பெத்தவங்க முகத்தையே பார்க்காது.”

பொன்னுரங்கம் அந்தக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்தார். உள்ளே காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது.

காலையில் அவை ஜோடியாகக் கூவும். ஒன்று தொடங்கும், மற்றது முடிக்கும். கேட்பவருக்கு ஒரே கூவல் போலத்தான் இருக்கும்.

ஒரு ஜோடி அவரோடு பழகிவிட்டது. முதல்முறை அதில் ஆண் பறவை அவர் உள்ளங்கையில் கொத்தியபோது பொன்னுரங்கம் மூச்சுவிடாமல் இருந்தார். அது போன பிறகுதான் கவனித்தார். அவ்வளவு நேரமும் கை நடுங்கவில்லை.

அம்மாவிடம் ஓடினார்.

“இது ஞானிங்கம்மா! பயத்தை ஜெயிச்ச பிறவி!”

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

*

ஒருநாள் சூசையின் படகில் ஒரு பெண் வந்திறங்கினாள். காக்கிப் பேண்ட், கழுத்தில் பைனாகுலர். பெயர் ஜெசிந்தா. வன உயிர்த் துறையில் வேலை. மேட்டுக்கோழிகளைக் கணக்கெடுக்க வந்திருந்தாள்.

பகலெல்லாம் காட்டுக்குள் சுற்றிவிட்டு வந்து, அம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்தபடி பேசினாள்.

“இந்தத் தீவுலயும் பக்கத்துல சில தீவுங்கள்லயும் மட்டும்தாம்மா இது இருக்கு. உலகத்துல வேற எங்கயும் கிடையாது. இங்க போச்சுன்னா அவ்வளவுதான். அழியிற ஆபத்துல இருக்கிற பறவைன்னு சொல்லியாச்சு.”

“ஆனா இதுக்குப் பயமே இல்லீங்களே!” என்றார் பொன்னுரங்கம் பெருமையாக.

“அதனாலதான் சார் ஆபத்து.”

அவருக்குப் புரியவில்லை.

“இந்தத் தீவுல நரி இல்லை, பூனை இல்லை, கீரி இல்லை. மனுஷன் வந்ததே நேத்து மாதிரிதான். எத்தனையோ ஆயிரம் வருஷம் பயப்படக் காரணமே இல்லாம இருந்துடுச்சு. பயம்னா என்னன்னு இதுக்குத் தெரியாது.”

“அப்ப இது தைரியம் இல்லீங்களா?”

“ஆபத்து தெரிஞ்சும் நின்னாத்தானே சார் தைரியம்?”

பொன்னுரங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றை அவள் சாதாரணமாகத் தட்டிவிட்டுப் போவதுபோல் இருந்தது. அம்மா ஏதாவது சொல்வார் என்று பார்த்தார். அம்மா ஜெசிந்தாவின் வட்டிலில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினார்.

படகில் ஏறும்போது ஜெசிந்தா தயங்கி நின்றாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இதுங்களுக்குக் கையில தீனி கொடுக்க வேண்டாம். உங்க கை நல்ல கை. எல்லாக் கையும் அப்படி இருக்காது.”

அம்மா தலையாட்டினார்.

மறுநாள் அவர் தேங்காய் துருவவில்லை. பறவைகள் வந்தன. வெறும் கையைப் பார்த்தன. சில நாள் வந்து பார்த்துவிட்டு, அப்புறம் சருகைக் கிளறப் போய்விட்டன.

*

பொன்னுரங்கத்தால் விட முடியவில்லை.

நாள் முழுக்க நடுங்கும் கை, அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவருடைய கையாக இருந்தது. விளக்குக் கோபுரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கொடுத்தார்.

ஒருநாள் அம்மா அந்த வழியாக வந்துவிட்டார். கையில் பறவை, எதிரில் அம்மா. எழுந்திருக்கவும் முடியவில்லை.

“இப்ப நடுங்குதா ஐயா?” என்றார் அம்மா.

“இல்லீங்கம்மா. இந்த நேரத்துல மட்டும் நடுங்கறதில்லீங்க.”

அம்மா பறவையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வேண்டாம் என்று சொல்லவில்லையே. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் பொன்னுரங்கம்.

*

மழைக்காலம் ஓய்ந்ததும் தீவின் மறுபக்கம் ஒரு படகு வந்து நின்றது. கடலட்டை பிடிக்க வந்தவர்கள். கரையில் தார்ப்பாய் கட்டி, அடுப்பு மூட்டித் தங்கினார்கள்.

புகையைப் பார்த்துப் பொன்னுரங்கம் அங்கே போனார்.

“வாங்கண்ணே, வாங்க! சாப்பிடுங்க!” என்று மரியாதையாகக் கூப்பிட்டான் ஒருவன். சிரித்த முகம்.

சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் இறகுகள் குவிந்து கிடந்தன. காய்ந்த இலையின் நிறம். கொஞ்சம் தள்ளி, ஒரு மேடு நடுவில் பிளந்து கிடந்தது. சருகு எல்லாப் பக்கமும் சிதறியிருந்தது.

“என்ன கோழிண்ணே இது? நாங்க எங்கயும் பார்த்ததில்லை” என்றான் அவன். “விரட்டவும் வேண்டாம், கண்ணி வைக்கவும் வேண்டாம். கையை நீட்டினா தானா வந்து நிக்குது. நாட்டுக்கோழிகூட இப்படி வராது.”

“கையை நீட்டினா…”

“ஆமாண்ணே. இந்தா, இப்படி.”

அவன் தரையில் குந்தி, உள்ளங்கையைத் தரையோடு தரையாக நீட்டிக் காட்டினான்.

பொன்னுரங்கம் எப்படித் திரும்பி வந்தார் என்று அவருக்கே தெரியாது.

சூசை தகவல் சொல்லப் போனார். ஜெசிந்தா ஆட்களோடு வருவதற்குள் அந்தப் படகு போய்விட்டது. அடுப்புக் கல் மட்டும் இருந்தது.

“காவலுக்கு ஆள் கேட்டிருக்கேன்” என்றாள் அவள். “எல்லாத் தீவுக்கும் ஆள் போட முடியாதும்மா. இவங்க போயிட்டாங்க. இன்னொருத்தங்க வருவாங்க.”

மறுநாள் காலை, கோபுரத்துக்குப் பின்னால் ஒரு பறவை கூவியது. பாதிக் கூவல். நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. மறுபடி அதே பாதி.

பொன்னுரங்கம் காதைப் பொத்திக்கொண்டார்.

*

“நான்தானுங்கம்மா கொன்னேன்.”

அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

“கைக்கு வரப் பழக்கினது நான்தானுங்க. அந்தப் பொண்ணு சொல்லியும் கேக்கல. இந்தப் பாவத்துக்கு என்னங்கம்மா பரிகாரம்? விரதம் இருக்கட்டுங்களா? பேசாம ஊருக்கே போயிடட்டுங்களா?”

அம்மா எழுந்து உள்ளே போனார். துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றையும் ஒரு குச்சியையும் எடுத்து வந்தார்.

“வாங்க.”

கோபுரத்துக்குப் பின்னால் போனார்கள். ஜோடியை இழந்த ஆண் பறவை அவர்களைப் பார்த்ததும் புதரைவிட்டு வந்தது. வழக்கம்போல் நடந்து வந்தது.

அம்மா அதை நோக்கி ஓடினார்.

டின்னை அடித்துக்கொண்டு ஓடினார். “ஏய்! போ! போ!” என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. இந்த அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருக்கும் என்று பொன்னுரங்கம் நினைத்ததேயில்லை.

பறவை வெருண்டுபோய் ஓடியது.

ஓடிவந்து பொன்னுரங்கத்தின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

அம்மா நின்றார். மூச்சு வாங்கியது.

“பாருங்க” என்றார்.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். அவர் கெண்டைக்காலை ஒட்டிக்கொண்டு நின்ற பறவை அண்ணாந்து அவரைப் பார்த்தது.

அம்மா டின்னை அவரிடம் நீட்டினார்.

“என்னால முடியாதுங்கம்மா.”

அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை.

“இது என்னை நம்புதுங்கம்மா!”

“ஆமா.”

“கல்லைக்கூட எறியச் சொல்லுவீங்க போல இருக்கு!”

“அதுவும்தான்.”

“அடிபட்டுடுமுங்க!”

“படாம எறிங்க. வளைவுல லாரியை ஓரம் ஒட்டி எடுத்த கைதானே.”

“அந்தக் கைதானுங்க நடுங்குது!”

“நடுங்கட்டும்” என்றார் அம்மா.

பொன்னுரங்கம் டின்னை வாங்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். நாலடி தள்ளி மணலில் விழும்படி எறிந்தார்.

பறவை கல்லிடம் ஓடியது. கொத்திப் பார்த்தது. தேங்காய் என்று நினைத்திருக்கும்.

பொன்னுரங்கம் அந்த இடத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அவரைத் தேற்றவில்லை. டின்னை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

*

மறுநாள் அவர் டின்னை எடுத்தார்.

முதலில் பறவைக்கு அது விளையாட்டாக இருந்தது. ஓடும், நிற்கும், திரும்பி வரும். அவர் கத்துவார். தொண்டை கட்டிக்கொண்டது. திட்டுவார். திட்டுகிறபோதே கண்ணில் தண்ணீர் வரும்.

“வராதடா! வந்தீன்னா கழுத்தைத் திருகிடுவாங்க! போயிடு சாமி, போயிடு!”

அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்.

பிறகு ஒருநாள் திரும்பி வரத் தயங்கியது. இன்னொரு நாள் தூரத்திலேயே நின்றது. அப்புறம் அவர் கோபுரத்தின் மூலையில் திரும்பும்போதே சருகு சரசரக்கும், பறவை இருக்காது.

அன்றைக்குப் பொன்னுரங்கம் சாப்பிடவில்லை.

மற்ற பறவைகளையும் விடவில்லை. அவர் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். தீவு முழுக்க டின் சத்தம். படகில் வருபவர்களிடமும் ஆளுக்கொரு குச்சியைக் கொடுத்தார் அம்மா. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கைக்கு வருமுன்னு சொன்னாங்களே, ஒண்ணையும் காணோமே” என்று ஓர் அம்மாள் குறைப்பட்டுக்கொண்டார்.

“வராது” என்றார் அம்மா.

கரைக்குப் போனவர்கள் நீலாயி அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றார்கள். சிலர் சக்தி போய்விட்டது என்றார்கள். சூசையின் படகில் ஆள் குறைந்தது. கடைசியில் சாமான் மூட்டை மட்டும் வந்தது.

“இப்படிச் சொல்றாங்கம்மா” என்று சூசை வருத்தப்பட்டார்.

“அரிசி நனைஞ்சிருக்கு பாருங்க, காயப்போடணும்” என்றார் அம்மா.

அதற்குப் பிறகும் ஒரு படகு வந்து மறுபக்கம் தங்கியது. பொன்னுரங்கம் மரங்களுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒருவன் காட்டு ஓரத்தில் குந்தி, சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு, நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிக் கூப்பிட்டான். சருகு அசைந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சோற்றை அவனே தின்றுவிட்டு எழுந்து போனான்.

பொன்னுரங்கம் அம்மாவிடம் ஓடிவந்தார்.

“அவன் கைக்குப் போகலீங்கம்மா! ஒண்ணுகூடப் போகலீங்க! ஜோடியைப் பறிகொடுத்த அந்த ஒத்தைப் பையனும் போகலீங்க!”

“நல்லது” என்றார் அம்மா.

“அப்ப முடிஞ்சுதுங்களா?”

அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனார்.

*

மேட்டின் ஒரு பக்கம் மண் அசைந்தது.

பொன்னுரங்கம் பாம்போ என்று பின்வாங்கினார். அம்மா அசையவில்லை.

மண் உதிர்ந்தது. ஒரு கால் வந்தது. பெரிய நகங்களோடு. நின்றுவிட்டது. களைப்பாறியது. மறுபடி உதைத்தது. சருகுத் தூளோடு ஒரு தலை வெளியே வந்தது.

உடம்பு முழுக்க ஈரமண். குஞ்சு வெளியே உருண்டு விழுந்து, எழுந்து, சிலிர்த்துக்கொண்டது. சுற்றிலும் யாரும் இல்லை. பெற்ற பறவைகள் எங்கோ காட்டில் சருகு கிளறிக்கொண்டிருக்கும். இது வந்ததே அவற்றுக்குத் தெரியாது.

குஞ்சு பொன்னுரங்கத்தைப் பார்த்தது.

உலகத்தில் அது முதன்முதலாகப் பார்த்த உயிர் அவர்தான். தத்தித் தத்தி வந்து அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றது. சூடாக இருந்தது.

அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

“இதுக்குமாங்கம்மா?”

அம்மா அவர் கையிலிருந்த டின்னைப் பார்த்தார்.

“பொறந்து ஒரு நாழிகூட ஆகலீங்க. இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமுங்க. நீங்களாவது விரட்டுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”

“நான் விரட்டினா உங்ககிட்டதானே வரும்?”

பொன்னுரங்கம் நின்றார். குஞ்சு அவர் கால் விரலை மெல்லக் கொத்தியது.

அவர் டின்னை மேலே தூக்கினார். குச்சி கையில் தடதடவென்று ஆடியது.

“போ!” என்று கத்தினார். “போடா! போ!”

டின் அதிர்ந்தது. குஞ்சு அவர் பாதத்திலிருந்து தெறித்து விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து ஓடியது. ஓடிய வேகத்தில் சிறகை அடித்தது. தரையை விட்டு எழும்பி, செடிக்கு மேலாகப் போய், இலைகளுக்குள் மறைந்தது.

காடு அமைதியாக இருந்தது.

பொன்னுரங்கம் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

“எத்தனை நாளைக்குங்கம்மா இந்த வேலை?”

“கிழக்கால இருக்கிற மேட்டுலயும் மண்ணு அசையுது ஐயா” என்றார் நீலாயி அம்மா.

பொன்னுரங்கம் டின்னை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தார்.